ஒன்பது சாடிகளில் ஆறு

கீதன்,

நேற்றுத் தொலைபேசியில் "செடியள் எப்பிடி அப்பா?" என்று கேட்டாய். "இருக்கு" என்று சொல்லி ரிசீவரை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். ஒக்டோபரில் நீ வன்கூவருக்குப் போனதிலிருந்து உனக்கும் எனக்கும் நடந்த பேச்சு அவ்வளவுதான். இன்று ஞாயிற்றுக்கிழமை. அம்மா ஓவர்டைம் செய்யப் போயிருக்கிறாள். வெளியே மழை தூறிக்கொண்டிருக்கிறது. முழங்கால் நோவோடு குசினி மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். உனக்குத் தமிழ் வாசிக்க நேரமெடுக்கும் என்று தெரியும். பதின்மூன்று வயதில் நின்றுபோன படிப்பு. மெதுவாக வாசி. எனக்கும் எழுத நேரமெடுக்கிறது. ஜூனில் உனக்குக் கலியாணம். அதற்கு முன்னால் நீ அறிய வேண்டிய ஒரு விடயம் இருக்கிறது. அதை வேறொருவர் சொல்லி நீ அறியக் கூடாது. ஆனால் செடியிலிருந்துதான் தொடங்க வேண்டும். எனக்கு அது அப்படித்தான் நடந்தது.

நீ விட்டுப்போன ஒன்பது சாடிகளில் இப்போது ஆறுதான் இருக்கின்றன. மூன்று செத்துவிட்டன. குளிர் கொல்லவில்லை. நான்தான் கொன்றேன்.

உனக்கு நினைவிருக்கும், உன்னுடைய பதினாறாவது வயதில், நாங்கள் இன்னும் அப்பார்ட்மென்டில் இருந்தபோது, பிளாஸ்டிக் கோப்பை ஒன்றுக்குள் அந்த முதல் செடியைக் கொண்டுவந்தாய். வாய் மாதிரி இலை, ஓரத்தில் பல். அன்று வெள்ளிக்கிழமை. பறந்து வந்த ஒரு இலையான் அதற்குள் போய் மாட்டிக்கொள்ள, அம்மா கையிலிருந்த விளக்குத்திரியோடு வந்து பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழமையிலயும் மச்சம் தின்னுற செடியை ஆரும் வீட்டுக்குள்ள வைப்பினமோ?" என்றாள். நீயும் நானும் சிரிக்க, அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். கனடாவுக்கு வந்தபிறகு நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்தது அதற்கு முன்னால் எப்போது என்று எனக்கு இன்றைக்கும் நினைவு வரவில்லை. அந்த மாரிக் குளிரில் அதன் இலைகளெல்லாம் கறுத்து விழுந்தன. நீ அதைப் பல்கணிக் கதவோரம் ஈரத்துணி சுற்றி வைத்திருந்தாய். செத்ததை வைத்து என்ன செய்கிறான் என்று நான் அதைத் தூக்கிக் குப்பைக் குழாய்க்குள் போட்டுவிட்டேன். பள்ளிக்கூடத்தால் வந்து தேடிவிட்டு, "அது நித்திரை அப்பா. செத்தது இல்லை" என்றாய். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "உனக்கு வேற வாங்கித் தாறன்" என்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடங்களிலெல்லாம் நான் வேறு ஏதோ ஒன்றைத்தான் சொல்லிவந்திருக்கிறேன். உன்னிடமும் அந்தப் பழக்கம் கொஞ்சம் இருக்கிறது. அது என்னிடமிருந்து வந்தது. கலியாணத்துக்குப் பிறகாவது விட்டுவிடு.

பிறகு நீயே தேடித் தேடிச் சேர்த்தாய். மல்வேர்னில் இந்த வீடு கிடைத்ததும் கராஜ் உன்னுடையதாயிற்று. குழல் மாதிரி நிமிர்ந்து நிற்கும் குடுவைச் செடி, நிலத்தோடு குந்தியிருக்கும் சிவப்புக் குடுவை, இலையெல்லாம் பிசின் துளி பூத்த சின்னஞ்சிறு செடி. ஒவ்வொன்றுக்கும் நீ பெயர் சொன்னாய். நான் காது கொடுக்கவில்லை. ஆறு மணிக்குத் தொடங்கும் ஷிப்ட், பிளாஸ்டிக் உருகும் மணம், நாள் முழுக்க நின்ற கால். வீட்டுக்கு வந்தால் கண் மூட வேண்டும் என்றுதான் இருக்கும். ஊரில் நீர்ப்பாசன இலாகாவில் வாய்க்காலுக்குப் படம் வரைந்தவன் நான். இங்கே வாளிக்கு மூடி அச்சடிக்கிறேன். அது குறையில்லை, வேலைதான். ஆனால் அந்தக் களைப்பை ஒரு சாட்டாக வைத்துக்கொண்டு நீ சொன்ன எத்தனையோ கதைகளைக் கேட்காமல் விட்டிருக்கிறேன்.

போன ஓகஸ்டில் இதே குசினியில் நின்று, "அப்பா, நான் ஒராளை விரும்புறன்" என்றாய். பெயர் கேட்டேன். "ஜெசிந்தா." "வேதக்காரரோ?" என்றேன். "கத்தோலிக்கர். மன்னார். இப்ப இஞ்சதான், வெக்ஸ்போர்ட்டில இருக்கினம்." சமயம் விட்டுச் சமயம் சரிவராது என்று சொன்னேன். நீ எவ்வளவோ கதைத்தாய். நான் அந்த ஒரே வசனத்தையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அந்தப் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிவரட்டோ என்று கேட்டபோது, "கூட்டிவந்தா நான் வெளியில போவன்" என்றேன். வேலை வன்கூவரில் கிடைத்ததும் நீயே வெளியில் போனாய்.

செடிகளைக் கொண்டுபோக முடியவில்லை. அவை அப்போதுதான் உறங்கத் தொடங்கியிருந்தன. ஸ்டைரோபோம் பெட்டிக்குள் ஒன்பதையும் நெருக்கி அடுக்கி, வீட்டுச்சுவரோடு ஒட்டினாற்போல் கராஜில் வைத்து, மேலே ஒரு தாளில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி ஒட்டிவிட்டுப் போயிருந்தாய். மண் ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீரில் மிதக்கக் கூடாது. குழாய்த் தண்ணீர் ஊற்றவே கூடாது. கடுங்குளிர் என்றால் பெட்டியை மூட வேண்டும். மார்ச் முடியும்வரை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. கடைசி வரியில், பிரச்சினை என்றால் ஜெசிந்தாவுக்குத் தொலைபேசி எடுக்கச் சொல்லி அவளுடைய இலக்கம். அந்தக் கடைசி வரி தெரியாதபடி தாளைப் பின்பக்கம் மடித்துத் திரும்ப ஒட்டினேன். வளர்ந்த மனிதன் செய்கிற வேலையா அது? செய்தேன்.

மாரி முழுக்க, வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னம் கராஜுக்குள் போய் அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பேன். அன்பினால் என்று நினைக்காதே. நீ போனபிறகு உன்னோடு எனக்கிருந்த ஒரே அலுவல் அதுதான். உன் அறைக்குள் போக மனம் வரவில்லை. பெட்டிக்குள்ளே பழுப்பு இலைகளும் கறுத்த மண்ணும் தவிர ஒன்றும் இருக்காது. பெப்ரவரியில் ஒரு கிழமை வெயில் எறித்துப் பனி உருகியது. அதற்கு முந்தின நாட்களில் கடுங்குளிர். எல்லாம் செத்துப்போகிறது, நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு பதற்றம் வந்துவிட்டது. உன் தாளை மறந்தேன் என்று சொல்ல முடியாது. மறக்கவில்லை. எனக்கு அதைவிடத் தெரியும் என்று நினைத்தேன். ஒன்பதையும் தூக்கி வந்து ஹோலில், சூட்டுக்காற்று வரும் துவாரத்துக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தேன். குசினிக் குழாயிலிருந்து வாரி வாரி ஊற்றினேன்.

ஒரு கிழமையில் முளை கண்டது. எனக்குப் பெரிய சந்தோசம். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டாம் கிழமை அந்த முளைகள் நூல் மாதிரி நீண்டு, வெளிறி, தலைசாய்ந்தன. மண்ணின் மேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம். பெரிய குடுவைச் செடி, நீ விரல் அளவில் வாங்கி முழங்கால் உயரத்துக்கு வளர்த்தாயே, அதன் கிழங்கை அழுத்தினால் விரல் உள்ளே போயிற்று. அம்மா பின்னால் வந்து நின்றாள்.

"இஞ்சாருங்கோ, பிள்ளைக்கு எடுத்துக் கேளுங்கோவன்."

"அவனுக்கு எடுத்து என்னெண்டு சொல்லுறது? உன்ர செடியளை நான் அவிச்சுப் போட்டன் எண்டோ?"

"அப்ப அந்தப் பிள்ளைக்கு எடுங்கோ. மடிச்சு ஒட்டின தாளை நானும் வாசிச்சனான்தான்." பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், "அவளின்ர நம்பர் எனக்குப் பாடம். தைப்பொங்கலுக்கும் கதைச்சனான்" என்றாள்.

அம்மாவோடு அன்றைக்குச் சண்டை பிடிக்க எனக்குத் தெம்பு இருக்கவில்லை. ஆனால் தொலைபேசி எடுக்கவும் முடியவில்லை. அதற்குக் காரணம் அம்மாவுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஓகஸ்டில் நீ என்னிடம் கேட்ட அடுத்த கிழமை, நீ வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில், உன் மேசையிலிருந்த முகவரிக் கொப்பியில் அவர்கள் வீட்டு இலக்கத்தைப் பார்த்துத் தொலைபேசி எடுத்தேன். ஜெசிந்தாவின் தகப்பன்தான் எடுத்தார். மன்னாரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். இங்கே ஒரு கட்டடத்தில் காவல் வேலை. நான் இன்னாரென்று சொன்னதும் அந்த மனிதர், "வணக்கம் அண்ணை, நானே உங்களுக்கு எடுக்க இருந்தனான்" என்று சந்தோசமாகத் தொடங்கினார். நான் சமயத்தைப் பற்றிப் பேசவில்லை கீதன். உன்னிடம் சொன்னதெல்லாம் சமயம். அவரிடம் நான் முதலில் கேட்டது, "நீங்கள் என்ன ஆக்கள்?" என்பது. எங்கள் சனத்துக்கு அந்தக் கேள்விக்கு ஒரே பொருள்தான். என்ன சாதி என்று கேட்கிறேன். அவர் பேசாமல் இருந்தார். அந்த மௌனமே மறுமொழி என்று நான் எடுத்துக்கொண்டு, "உங்கட மகளைக் கொஞ்சம் அடக்கி வையுங்கோ. என்ர பெடியன் ஒண்டும் தெரியாதவன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். முழுதாக இரண்டு நிமிடமும் இல்லை. பிறகு போய்ச் சாப்பிட்டேன். நன்றாகச் சாப்பிட்டதும் நினைவிருக்கிறது.

இப்போது உனக்கு என்மேல் வருகிற கோபம் எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. வரட்டும். ஆனால் மிச்சத்தையும் வாசி.

செடி அழுகிக்கொண்டிருந்தது. அம்மா சொன்னதற்கு மூன்றாம் நாள் பின்னேரம், தாளிலிருந்த அந்த இலக்கத்துக்கு எடுத்தேன். ஜெசிந்தாவே எடுத்தாள். பெயரைச் சொன்னேன். "கீதனின்ர செடியள் பழுதாகுது. தாளில உம்மட நம்பர் இருந்தது" என்றேன். அவள் என் சுகம் கேட்கவில்லை. "எங்க வைச்சிருக்கிறியள்? என்ன தண்ணி ஊத்தினீங்கள்?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். மூச்சு விடும் சத்தம் கேட்டது. "இண்டைக்கே சூட்டுப்பக்கத்தால எடுங்கோ. திரும்பக் கராஜில வையுங்கோ. சனிக்கிழமை வாறன்."

வந்தாள். வெக்ஸ்போர்ட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி, தோளில் ஒரு கன்வஸ் பையோடு. நல்ல உயரமான பிள்ளை. அதுகூட அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை என்று அம்மா பிறகு சொன்னாள். அம்மா கட்டிப்பிடித்துக்கொண்டு அழத் தொடங்க, "அன்ரி, பிறகு அழுவம். முதல்ல செடியைப் பாப்பம்" என்றாள். கோட்டைக் கழற்றாமலே கராஜுக்குள் வந்தாள். நான் கதிரை ஒன்றை இழுத்து, "இரும் பிள்ளை" என்றேன். இருக்கவில்லை.

"அங்கிள், ஒண்டு சொல்லிப்போட்டுத் தொடங்குறன். நான் உங்களுக்காக வரேல்லை. உதுகளுக்காக வந்தனான்."

"ஓம்" என்றேன்.

கராஜின் நிலத்தில் பழைய பேப்பரை விரித்து, ஒவ்வொரு சாடியாகக் கவிழ்த்து, வேரோடு எடுத்து என் கையில் தந்தாள். அவள் சொல்லத்தான் அறிந்தேன், இலை கறுத்தது ஒரு கணக்கே இல்லை என்று. கிழங்கைத்தான் பார்க்க வேண்டும். அழுத்தினால் இறுக்கமாக இருந்து, நுனியைக் கொஞ்சம் வெட்டினால் உள்ளே வெள்ளையாக இருந்தால் உயிர் இருக்கிறது. மண்ணிறமாகக் களிபட்டுப் போயிருந்தால் இல்லை. குளிர் நாட்களில் அவை ஓய்ந்திருக்கத்தான் வேண்டும். சூட்டைக் கொடுத்து அவசரப்படுத்தினால், வெளிச்சமும் இல்லாமல், மிச்சமிருக்கும் பலத்தையும் அந்த நூல்முளையில் செலவழித்துவிட்டுச் சாகும். குழாய்த் தண்ணீரில் இருக்கிற உப்புகள் அதன் வேருக்கு நஞ்சு. இவ்வளவையும் ஒரு கோபமும் காட்டாமல் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பெரிய குடுவைச் செடியும், பல்லுச்செடிகளில் ஒன்றும், அந்தப் பிசின் செடியும் முடிந்துவிட்டன. பெரிய குடுவையின் கிழங்கை அவள் நான்கு இடத்தில் வெட்டிப் பார்த்தாள், எங்காவது வெள்ளை தெரியுமா என்று. தெரியவில்லை. அப்போதுதான் அவளுடைய வாய் ஒருமுறை கோணியது. "இது நாங்கள் ரெண்டு பேரும் முதல்முதல் சேர்ந்து மாத்தி நட்டது" என்றாள்.

மிச்சம் ஆறையும் பழைய மண் உதறி, அழுகிய வேர் வெட்டி, அவள் பையில் கொண்டுவந்த கறுப்புப் பாசிமண்ணும் மணலும் கலந்து நட்டோம். வளவின் பின்பக்கம் கிடந்த பனியை வாளியில் அள்ளி வரச் சொன்னாள். "றோட்டுப் பக்கத்துப் பனி வேண்டாம், பனி உருக உப்புப் போட்டிருப்பாங்கள்." அது உருகிய தண்ணீரைத்தான் ஊற்றினோம். கராஜின் சின்ன யன்னலுக்குக் கீழே, குளிரும் வெளிச்சமும் உள்ள இடத்தில், ஆறையும் வைத்தோம். இன்னும் மூன்று கிழமை அங்கேயே இருக்கட்டும் என்றாள். என் முழங்கால் மடிந்து எழும்ப மறுத்தது. அவள் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். அந்தக் கையைப் பிடித்தபடிதான் கேட்டேன்.

"பிள்ளை, நான் உம்மட அப்பாவோட கதைச்சதை நீர் கீதனுக்குச் சொல்லேல்லையோ?"

கையை எடுத்துக்கொண்டாள். "இல்லை."

"ஏன்?"

"சொன்னா அவர் உங்களை விட்டிடுவார், அங்கிள். பிறகு அதுக்கும் நான்தான் காரணம் எண்டு ஆயுளுக்கும் இருக்க வேணும். எனக்கு அது வேண்டாம்." கத்தியைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள். "அப்பாவும் எனக்குச் சொல்லேல்லை. அம்மா பக்கத்தில நிண்டு கேட்டவ. அண்டைக்குப் பிறகு போன் மணி அடிச்சா அப்பா எழும்பிறேல்லை. முன்னம் அவர்தான் ஓடிப்போய் எடுக்கிறவர். ஊரிலயிருந்து ஆரும் எடுப்பினம் எண்டு. இப்ப அவருக்குப் பக்கத்தில அடிச்சாலும் நாங்கள்தான் எடுக்கிறம்."

அம்மா தேத்தண்ணியோடு வந்தாள். ஜெசிந்தா நின்றபடியே குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வந்த மூன்று கிழமையும் எனக்கு எப்படிப் போயிற்று என்று எழுதி உன்னைக் களைக்க வைக்க விரும்பவில்லை. மெஷினுக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம், தொலைபேசி அடிக்க எழும்பாமல் இருக்கும் ஒரு மனிதர் கண்ணுக்குள் வந்தார். நாட்டை விட்டு வந்து, படிப்பித்த வாயை மூடிக்கொண்டு, யாருடையதோ ஒரு கதவுக்குக் காவல் இருக்கிறவர். எனக்கு வாளி மூடி, அவருக்குக் கதவு. என்னைவிட அவரை ஒரு படி கீழே வைக்க எனக்கு அந்தப் பழைய கேள்வி ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டி வந்திருக்கிறேன். உன்னுடைய பள்ளிக்கூடச் சான்றிதழைக்கூட வழியில் தொலைத்துவிட்டு வந்தவன் நான்.

ஏப்ரலில் ஜெசிந்தா திரும்ப வந்தாள். இந்தமுறை கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். குளிர் விட்டிருந்தது, செடிகளை வெளியே பழக்க வேண்டும். ஒரேயடியாக வெயிலில் வைத்தால் கருகிவிடும் என்பதால் முதல்நாள் ஒரு மணித்தியாலம் நிழலில், அடுத்தநாள் இரண்டு, பிறகு காலை வெயில், பொழுதுபட முன்னம் உள்ளே. நான் இரண்டரைக்கு வேலையால் வந்து அதைச் செய்தேன். ஆறு சாடி, வெளியே ஆறு நடை, உள்ளே ஆறு நடை. ஒருநாள் பின்னேரம் திடீரென்று பனி கொட்டத் தொடங்க, அவளும் நானும் அம்மாவும் ஆளுக்கு இரண்டாகத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அம்மா வழுக்கி விழப்பார்த்தும் சாடியை விடவில்லை. "உதை விட்டிட்டு உங்களைப் பிடியுங்கோ அன்ரி!" என்று ஜெசிந்தா கத்தினாள். அந்தக் கிழமைதான் குந்துக்குடுவையின் நடுவில் சிவப்பு மணி ஒன்று வெளியே வந்தது. குடுவை வர முன்னம் அதற்குப் பூத்தான் வருமாமே. நான் அவளைக் கூப்பிட்டுக் காட்ட, அவள் நிலத்தில் முழந்தாளிட்டுப் பார்த்துவிட்டு, முதல்தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பை வாங்கிக்கொள்ள முடியவில்லை. அடுத்த ஞாயிறு நான் வெக்ஸ்போர்ட்டுக்குப் போனேன்.

அம்மாவிடமும் சொல்லவில்லை. கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. ஒரு பெட்டி பிஸ்கட்டோடு போய் இதைத் தீர்க்கலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவர்கள் காலைப்பூசை முடிந்து வந்திருப்பார்கள் என்று கணக்குப் பார்த்துப் போனேன். அவரே கதவைத் திறந்தார். மெலிந்த மனிதர். வெள்ளைச் சேட்டு, கோயிலுக்குப் போட்டது, இன்னும் மாற்றவில்லை. நான் யாரென்று சொன்னேன். உள்ளே வரச் சொன்னார். கதிரை காட்டினார். எதிரே இருந்துகொண்டார். ஜெசிந்தாவும் தாயும் குசினிக்குள் நின்றார்கள்.

"நான் அண்டைக்குக் கதைச்சது பிழை மாஸ்ரர். மன்னிப்புக் கேக்க வந்தனான்" என்றேன். காரில் வரும்போது இன்னும் நிறைய வசனம் வைத்திருந்தேன். எதுவும் வரவில்லை.

அவர் தன் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்தார். பிறகு சொன்னார்: "அண்ணை, அண்டைக்குப் போனில என்னட்ட ஒண்டு கேட்டனீங்கள். அதை இப்ப என்ர முகத்தைப் பாத்துக் கேளுங்கோ."

"வேண்டாம் மாஸ்ரர்."

"இல்லை, கேளுங்கோ. நான் மறுமொழி சொல்ல ஆயத்தமா இருக்கிறன். எட்டு மாசமா ஆயத்தமா இருக்கிறன்."

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். கேட்க வாய் வரவில்லை கீதன். கேள்வியில் மூன்று சொல்தான். தொலைபேசியில் எவ்வளவு இலகுவாக வந்தது! அவர் காத்துக்கொண்டே இருந்தார். என் கண்ணால் தண்ணீர் வந்தது. அதைப் பார்த்து அவர் இளகவும் இல்லை, சந்தோசப்படவும் இல்லை. "சரி" என்று மட்டும் சொல்லி எழும்பிப் போய் யன்னலோரம் நின்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அவர் சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. நீயும் அவரிடம் அதைப் பற்றிக் கேட்காதே.

எழும்பி வெளிக்கிட்டேன். கதவுவரை கூட வந்தார். பிடியில் கையை வைத்தபடி, "ஜூனில கோயிலுக்கு வாறதெண்டா முன் வாங்கில வந்து இருங்கோ. பின்னுக்கு நிண்டு பாத்திட்டுப் போறதெண்டா வராதேங்கோ. என்ர பிள்ளையின்ர கலியாணம் அது" என்றார். நான் தலையாட்டினேன். ஆனால் வருவேன் என்று அவருக்குச் சொல்லவில்லை. அது நான் சொல்லி முடிவாகிற விடயம் இல்லை. உன்னிடம் கேட்க வேண்டும்.

ஜெசிந்தாவோடு இதற்காக நீ கோபிக்கக் கூடாது. உன்னிடம் மறைத்தாள்தான். உனக்கொரு தகப்பன் மிஞ்ச வேண்டும் என்று மறைத்தாள். தன் தகப்பனுக்கு நடந்ததைத் தனியே சுமந்துகொண்டு மறைத்தாள். நான் கடிதம் எழுதப்போகிறேன் என்று அவளுக்குச் சொன்னேன். "வேண்டாம் அங்கிள், விடுங்கோ, முடிஞ்சுது" என்றாள். முடியவில்லை. நீ தெரியாமல் அந்த வீட்டுக்கு மருமகனாகப் போய், அந்த மனிதருக்கு முன்னால் என்னைப் பற்றிப் பெருமையாக ஏதாவது சொல்லுவாய். அவர் கேட்டுக்கொண்டிருப்பார். அது நடக்கக் கூடாது. உங்கள் இருவருக்கும் இடையில் எனக்காக ஒரு மறைப்பும் வேண்டாம். கலியாணத்தைப் பற்றி நான் உனக்குச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மற்றதெல்லாம் அம்மாவைக் கேள். இருபத்தாறு வருடம் என்னோடு இருந்து தப்பியவள்.

செடிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நீ கேட்டதற்கு ஒழுங்கான மறுமொழியாக. பல்லுச்செடி ஒன்று, புது இலை ஐந்து, இன்னும் சின்னது. குந்துக்குடுவை இரண்டு, ஒன்றில் பூ. நிமிர்ந்த குடுவை மூன்று. இரண்டு நன்றாக இருக்கின்றன, மூன்றாவது எனக்குச் சந்தேகம். முளை இல்லை, ஆனால் கிழங்கு இறுக்கமாக இருக்கிறது. பொறுத்துப் பார்க்கச் சொல்கிறாள் ஜெசிந்தா. நான் அழுத்திப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

எனக்குக் களைப்பாக இருக்கிறது, மோனை. வேலைக் களைப்பு இல்லை. இவ்வளவு காலம் சரியான ஆளாக நின்று வந்த களைப்பு. இதை வாசித்துவிட்டு உடனே தொலைபேசி எடுக்காதே. கோபத்தில் எடுத்தால் நான் திரும்பவும் வேறு ஏதாவது சொல்லிவிடுவேன். இரண்டு நாள் வைத்திருந்து, பிறகு எழுது. தமிழில் வராவிட்டால் இங்கிலீஷில் எழுது, வாசிப்பேன். நீண்ட கடிதம் வேண்டாம். ஜூனில் நீ வந்து இறங்கும்போது எயார்போர்ட்டுக்கு அம்மா மட்டும் வருவதா, நானும் வருவதா என்று மட்டும் எழுது. அம்மா மட்டும் என்று எழுதினால், காரை நான் ஓட்டிவந்து வெளியே விட்டுவிட்டு, உள்ளே வராமல் இருப்பேன்.

அப்பா